உப்புச் சாலையில் ஒரு 911

டொராண்டோவில் நவம்பர் பிறந்ததும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி காரைக் கழுவித் துடைத்து, டேங்கை நிரப்பி, பேட்டரியில் சார்ஜரை மாட்டி, துணி போர்த்தி, ஏப்ரல் வரை கும்பகர்ண உறக்கத்துக்கு அனுப்பிவிடும். மற்றக் கட்சி, "ஓட்டத்தானே வாங்கினோம்" என்று விண்டர் டயரை மாட்டிக்கொண்டு உப்புச் சேற்றில் இறங்கிவிடும். முதல் கட்சியின் வாயில் பாதுகாப்பு, மனதில் மறுவிற்பனை விலை. இரண்டாம் கட்சியின் வாயில் கொள்கை, மனதில் பிளாசா பார்க்கிங்கில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் காட்சி. வாய்விட்டுச் சொல்லாததையும் சேர்த்து எடைபோட்டால்தான் இதில் தீர்ப்பு சாத்தியம்.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: பத்து வயதுக்கு உட்பட்ட போர்ஷே 911 கேரேரா. அபூர்வப் பதிப்பு எதுவும் வேண்டாம், ஷோரூமில் வரிசையில் வந்த சாதாரண 911. மார்க்கமிலும் ஸ்கார்பரோவிலும் தமிழ் வீட்டு டிரைவ்வேக்களில் இப்போது அங்கங்கே நிற்கிறது. விலை வலிக்கும் அளவுக்குப் பெரியது, தினமும் ஓட்டும் அளவுக்கு நடைமுறையானது. இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

"இந்த மாதிரிக் கார் பனிக்கு லாயக்கில்லை" என்பது முதலில் எழும் குற்றச்சாட்டு. வரலாறு இதை ஒப்புக்கொள்ளாது. ஆல்ப்ஸ் மலைப்பாதைகளின் பனியிலும் கண்ணாடிபோல் உறைந்த தாரிலும் நடக்கும் மான்டே கார்லோ ராலியை 911 1968-இல் விக் எல்ஃபோர்டின் கையில் வென்றது. 1969, 1970 இரண்டு ஆண்டும் பியோர்ன் வால்டெகார்ட் வென்றார். 1978-இல் ழான்-பியேர் நிக்கோலா மறுபடி வென்றார். அந்தக் கார்களில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, அதன் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களை அமுக்கிப் பிடிக்கிறது. வெயிலில் வளைவெடுக்கும்போது ஓட்டுநரைப் பயமுறுத்திய அதே அமைப்புதான் பனியில் பிடிமானம் தந்தது. முன்னால் எஞ்சினும் பின்னால் இயக்கமும் உள்ள மஸ்டாங்குக்கோ பழைய பிஎம்டபிள்யூ எம்3-க்கோ இந்த அனுகூலம் கிடையாது. அவற்றின் பின்புறம் லேசானது, டிரைவ்வே ஏற்றத்திலேயே சக்கரம் சுற்றத் தொடங்கிவிடும். ஆகவே எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் கவலையில்லை என்ற நம்பிக்கையையும் இங்கேயே கவனித்துவிட வேண்டும். 1986-இல் ஆடி நிறுவனம் ஒரு விளம்பரம் எடுத்தது. பின்லாந்தின் கைப்போலாவில் உள்ள ஸ்கீ தாவல் மேடையின் சரிவில் ஆடி 100 குவாட்ரோ கீழிருந்து மேலே ஏறிப் போகும். அதைப் பார்த்தவர்கள் மனதில் 'குவாட்ரோ' என்ற சொல் ஆணியடித்ததுபோல் பதிந்துவிட்டது. நிஜமாகவே ஆணியடித்திருந்தது அந்தக் காரின் டயர்களில்தான். தெற்கு ஒன்டாரியோவில் வசிப்பவர்களுக்கு ஆணி டயர் போட அனுமதி இல்லை, மாகாணத்தின் வடபகுதியில் வசிப்பவர்கள் மட்டுமே போடலாம். இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரம் இழுத்தால் கார் கிளம்பும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு, அதில் குவாட்ரோவுக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் சுலபமாக வேகம் பிடிக்கும் கார், பிடிமானம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது. சிவப்பு விளக்கை நெருங்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

கணக்கு எளியது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், உராய்வுக் கெழு 0.8 உள்ள காய்ந்த தாரில் பிரேக் பிடித்தால் சுமார் 12 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் கெழு 0.2 அளவுக்கு இறங்கினால் 49 மீட்டர். 0.1-ஐ ஒட்டிய ஈரப் பனிக்கட்டியில் 98 மீட்டர். எஞ்சின் சக்தியோ பிரேக்கின் அளவோ இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. அந்தக் கெழுவை நாம் மாற்றக்கூடிய ஒரே இடம் டயர். 911-உடன் வரும் கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கிறது. அதிவேக ரகங்களில் சிலவற்றை உறைநிலையை ஒட்டிய குளிரில் ஓட்டவே வேண்டாம், கடுங்குளிரில் ரப்பர் விரிசல் விடலாம் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். ஆக, விண்டர் டயர் இல்லாத 911 ஜனவரியில் தெருவில் இறங்குவது பற்றி விவாதமே தேவையில்லை, அது தவறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படியே கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. 2016 ஜனவரியிலிருந்து விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று மட்டும் விதி இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள்.

டயரின் அளவும் கவனிக்க வேண்டியது. 2018-இல் அறிமுகமான தலைமுறையில் கேரேரா எஸ்ஸின் பின் டயர் 305/30, 21 அங்குலம். பக்கச்சுவரின் உயரம் ஒன்பது சென்டிமீட்டர்தான் வருகிறது. பிப்ரவரியில் பகலில் உருகி இரவில் உறைந்து பெயரும் தார்க்குழிகள் இந்த ஒன்பது சென்டிமீட்டரைச் சட்டை செய்யாது. டயர் வெடிப்பதோடு ரிம்மும் வளையும். அகலமான டயர் பனிச்சேற்றின் மேல் மிதக்கவும் செய்யும், ஒடுங்கிய டயர் அதைக் கீறிக்கொண்டு தரையைத் தொடும். எனவே விண்டர் டயரைத் தனியாக, பிரேக்குக்கு இடம் விடும் அளவில் சின்ன ரிம்மில், கொஞ்சம் ஒடுக்கமாக வாங்குவதே முறை. அழகு குறையும். அழகுக்காகக் கோடைக்கால ரிம்மிலேயே விண்டர் டயரைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் முதல் தார்க்குழியில் அதற்குரிய விலையைக் கொடுக்கிறார்கள்.

தரை இடைவெளி பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மாநகராட்சி பனியைத் தள்ளிவிடும் ஊருக்குள் ஆண்டில் ஒருசில நாள்தான் அது பிரச்சினை. பனி ஒதுக்கும் வண்டி போன பிறகு டிரைவ்வே வாசலில் வரப்புபோல் இறுகிக் கிடக்கும் பனியை முன்பம்பரால் உடைக்கப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், பேருந்தில் போகலாம்.

இதுவரை எடைபோட்டதில் ஓட்டுபவர் கட்சியின் தட்டு தாழ்ந்து நிற்கிறது. முதல் கட்சியின் நிஜமான ஆயுதம் இனிமேல்தான் வருகிறது. அது உப்பு.

ஹூரான் ஏரிக்கரையில் உள்ள கோடரிச் ஊரில், ஏரியின் அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. கனடாவின் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் உப்பு கொட்டப்படுகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று கூட்டாட்சி அரசின் ஆய்வே 2001-இல் முடிவுசெய்தது, இருந்தும் கொட்டுவது நிற்கவில்லை. உயிர்கள் பிழைக்கின்றன என்பதால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. ஆனால் கார் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டொராண்டோவின் குளிர்காலம் வினிப்பெக், எட்மன்டன் அளவுக்குக் கொடியது இல்லை, இரும்புக்கு அதுதான் வினை. சாதாரண உப்பு சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அதிகம் வேலைசெய்யாது, கடுங்குளிரில் துருவேறுவதும் மந்தமாகிவிடும். டொராண்டோவோ வாரத்தில் பாதி நாள் பூஜ்யத்தை ஒட்டியே தவழ்கிறது. பனி உருகி உப்புநீராகி, காரின் அடியில் தெறித்து, காய்ந்து, மறுநாள் மறுபடி நனைகிறது. துருவுக்கு இதைவிட வசதியான தட்பவெப்பம் அமையாது. சாலைத்துறையினர் முன்கூட்டியே தெளிக்கும் கரைசல்களில் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும்.

"911-க்கு என்ன துரு?" என்று கேட்பார்கள். பாதி நியாயமான கேள்விதான். 1970-களின் நடுவிலிருந்து 911-இன் உடல் துத்தநாகப் பூச்சுள்ள எஃகில் வருகிறது. அண்மைத் தலைமுறையின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம். கதவு ஓட்டை விழும் காலம் போய்விட்டது. ஆனால் வாரண்டி தாளில் 'துருத் துளை' என்று எழுதியிருப்பது தகட்டில் உள்ளிருந்து வெளிவரை ஓட்டை விழுந்தால் மட்டும் பொருந்தும். போல்ட் துருவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்கார்பரோவில் ஒரு கராஜில், எட்டு குளிர்காலம் பார்த்த 911 ஒன்றை ஹாய்ஸ்டில் ஏற்றி வைத்திருந்தபோது அடியில் நின்று பார்த்தேன். மேலே வண்ணம் கண்ணைப் பறித்தது. கீழே, அலுமினியக் கைகள் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன. வீல் அலைன்மென்ட் சரிசெய்யத் திருப்பவேண்டிய எஃகு போல்ட், புஷ்ஷுக்குள் இருக்கும் குழாயோடு ஒட்டி ஒன்றாகிவிட்டது. சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டுகளுக்குத் தலை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, பழுப்புக் குமிழ்கள்தான். முன்பம்பரின் இரண்டு மூலையிலும் காற்றுவாய்களுக்குப் பின்னால்தான் 911-இன் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. இலையுதிர்காலச் சருகும் குளிர்கால உப்பும் சேர்ந்து அங்கே களியாகக் கெட்டிப்பட்டு, கண்டென்சரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டால் உதிர்ந்தன. மெக்கானிக் டார்ச்சை அந்த போல்ட்டில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, இஞ்ச பாருங்கோ. இது கழண்டு வராது, முறிச்சுத்தான் எடுக்கவேணும். பொடிக்கு ஒண்டும் ஆகாது. இதுகள்தான் காசைத் தின்னும்."

அவர் சொன்னதில்தான் வழக்கின் சாரம் இருக்கிறது. குளிர்காலம் 911-ஐ அழித்துவிடாது. அடுத்து வரும் ஒவ்வொரு ரிப்பேரையும் இரண்டு மடங்கு வேலையாக்கும். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது வெல்டிங், கட்டர் என்று அரைநாள் ஆகும். அந்தச் செலவு இந்த ஆண்டு வராது, ஏழாவது எட்டாவது ஆண்டில் மொத்தமாக வந்து நிற்கும்.

மருந்து இல்லாமல் இல்லை. இலையுதிர்காலத்தில் ஆண்டுதோறும் அடியில் எண்ணெய் தெளிப்பது ஒன்டாரியோவில் பழைய வழக்கம். சில நாள் டிரைவ்வேயில் சொட்டும், வீட்டில் திட்டுவார்கள், ஆனால் போல்ட் கழலும். கெட்டியான தார்ப்பூச்சு பூசினால் அது விரிசல் விட்ட இடத்தில் உப்புநீர் உள்ளே தங்கிவிடும், எண்ணெயே மேல். வாரம் ஒருமுறை அடிப்பாகம் கழுவும் கார்வாஷுக்குப் போகவேண்டும், பிரஷ் படாத வகையாகப் பார்த்து. முன்பக்கத்தில் கல்லடிக்கு ஃபிலிம் ஒட்டிவிட்டால் நல்லது. இதையெல்லாம் செய்பவருக்கு உப்பு சமாளிக்கக்கூடிய எதிரி. செய்ய நேரமோ மனமோ இல்லாதவர் ஓட்டாமல் இருப்பதே மேல்.

இரண்டு கட்சிக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. தர்க்கத்தில் மிகவும் பலவீனம் அவர்களிடம்தான். குளிர்காலம் முழுக்கப் போர்த்தி வைத்துவிட்டு, ஜனவரியில் நல்ல வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரோடு காய்ந்துதானே கிடக்கிறது" என்று ஒரு சுற்று எடுப்பார்கள். அந்தக் காய்ந்த ரோட்டின் வெண்மை முழுவதும் உப்புத்தூள். அது காரின் இண்டு இடுக்கெல்லாம் ஏறுகிறது. பிறகு காரை வெதுவெதுப்பான கராஜில் கொண்டுபோய் விடுகிறார்கள், கழுவுவதும் இல்லை. உப்பு மிகவும் ரசித்து வேலைசெய்யும் சூழல் சூடான கராஜ்தான். வெளியே உறைந்து செயலற்றுக் கிடந்திருக்கவேண்டியது உள்ளே கரைந்து ஊறுகிறது. ஓட்டினால் முழுக்க ஓட்டலாம், வைத்தால் முழுக்க வைக்கலாம். இந்த இடைவழியில் இரண்டு பக்கத்து நஷ்டமும் சேர்ந்து வரும்.

முதல் கட்சியின் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. காரை நிறுத்தி வைத்தால் குளிர்காலத்துக்கு வேறு வண்டி வேண்டும். வழக்கமான யோசனை, பழைய கொரோலா ஒன்று. அதற்கும் இன்ஷூரன்ஸ் கட்டவேண்டும், ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டணம் என்னவென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொண்டோவில் இருந்தால் இரண்டாவது பார்க்கிங் இடத்துக்கும் பணம். நிற்கும் காருக்கு மோதல் காப்பீட்டை நிறுத்திவைத்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்துக் காரை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், கனடாவில் 2011 செப்டம்பரிலிருந்து தயாரான கார்களுக்குத்தான் கட்டாயமானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முந்தைய காரை வாங்கினால் பனியில் மிகவும் தேவைப்படும் ஒன்றே அதில் இல்லாமல் போகலாம். இப்போதைய 911-இல் அது மட்டுமல்ல, முன்சக்கர வளைவுக்குள் தெறிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டுச் சாலை நனைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் உணரியும் இருக்கிறது. பாதுகாப்பின் பெயரால் 911-ஐ உறங்கவிட்டு, பிள்ளைகளைப் பழைய காரில் ஏற்றிப் போகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். விலைக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறுத்தி வைப்பதாலும் காருக்குக் கேடு உண்டு. டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும், பேட்டரி செத்துப்போகும், எலி வயரைக் கடிக்கும். சார்ஜரும் கூடுதல் காற்றும் எலிப்பொறியும் இருந்தால் பெரும்பாலும் தீரும் சங்கதிகள். ஓட்டுகிறவருக்கு ஒரே எச்சரிக்கை, ஆயில் சூடாகும் வரை எஞ்சினை விரட்டக்கூடாது. பிஎம்டபிள்யூ 2000-களின் எம்3-இல் இதற்கு அழகான ஏற்பாடு செய்திருந்தது. ஆர்பிஎம் மீட்டரின் சிவப்பு எல்லையை விளக்குகள் கீழே இறக்கிவைத்து, ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணைந்து மேலே விடும். மற்றக் கார்களில் ஓட்டுநர்தான் அந்த விளக்காக இருக்கவேண்டும்.

அப்புறம் இன்பம். அதைக் கணக்கில் எடுக்காமல் 911-ஐப் பற்றி எழுதினால் அது இன்ஷூரன்ஸ் ரிப்போர்ட். ஆகஸ்டில் நெடுஞ்சாலை 401-இல் இந்தக் காரின் திறமையில் கால்வாசியைக்கூடச் சட்டத்துக்கு உட்பட்டுத் தொடமுடியாது. பனியிலோ மணிக்கு 30 கிலோமீட்டரிலேயே காரின் எடை எப்படி முன்னும் பின்னும் நகர்கிறது, ஆக்சிலேட்டரை விட்டதும் மூக்கு எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் கைக்குப் பிடிபடும். எல்லை கீழே இறங்கி வந்துவிடுவதால் அதைச் சந்திக்க வேகம் தேவைப்படுவதில்லை. இது உண்மையான லாபம். ஆனால் வேண்டுமென்றே வழுக்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் காலி பார்க்கிங் லாட் அதற்கான இடம் இல்லை. ஒன்டாரியோ தன் ஸ்டன்ட் ஓட்டுதல் சட்டத்தைப் பார்க்கிங் இடங்களுக்கும் விரித்துவிட்டது. சிக்கினால் அங்கேயே லைசென்ஸ் 30 நாளுக்கும் கார் 14 நாளுக்கும் போய்விடும். கியூபெக்கின் நோத்ர்-டாம்-த-லா-மெர்சியில் உள்ள மெக்காகிளிஸ் பனித்தடத்தில் போர்ஷேயே பனி ஓட்டுப் பயிற்சி நடத்துகிறது. அங்கே அவர்கள் காரை அவர்கள் உப்பில்லாத பனியில் வழுக்கவிட்டுவிட்டு வரலாம்.

தீர்ப்பைத் திருப்புவது இன்னொன்று: காரை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்? மூன்று நான்கு ஆண்டில் மாற்றுகிறவருக்கு உப்பின் பில் பெரும்பாலும் வராது, அடுத்தவர் கையில் போய் விழும். விற்கும்போது கொஞ்சம் விலை குறையும், அது அவர் ஓட்டிய குளிர்காலங்களுக்கான வாடகை. இருபது ஆண்டு வைத்து மகளிடம் சாவியைக் கொடுக்க நினைப்பவருக்கு முறியும் ஒவ்வொரு போல்ட்டும் சொந்தச் செலவு. ஆகவே காரை மிகவும் நேசிப்பவர்களிடம்தான் அதை நிறுத்தி வைக்க மிகப் பலமான காரணம் இருக்கிறது. கொள்கைக் கட்சிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மறுப்பார்கள்.

என் தீர்ப்பு இது. தனி ரிம்மில் விண்டர் டயர், நவம்பருக்கு முன் எண்ணெய்த் தெளிப்பு, முன்பம்பர் மூலைகளில் சருகு வாருதல், வாரக் கழுவல் ஆகியவற்றைச் செய்பவர், பத்தாண்டுக்குள் மாற்றப்போகிறவர், சாதாரண கேரேரா வைத்திருப்பவர் எனில் அதைக் குளிர்காலம் முழுக்க ஓட்டவேண்டும். பாதுகாப்பிலும் செலவிலும் பழைய கொரோலாவைவிட அதுவே நல்ல முடிவு. துத்தநாகம் பூசாத காலத்து 911, இனி உற்பத்தியில் வராத பதிப்பு, தரையோடு ஒட்டிப்போகும் 911 ஜிடி3, ஆயுளுக்கும் வைத்திருக்க வாங்கிய எந்தக் காரும் நிறுத்தப்படவேண்டியவை. அவற்றையும் மார்ச்சில் வெயிலைக் கண்டதும் எடுக்கக்கூடாது. நல்ல மழை இரண்டு பெய்து ரோட்டோரத்து வெள்ளைக் கோடு கழுவிப் போகும்வரை காத்திருக்கவேண்டும். டொராண்டோவில் அதற்குப் பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதி ஆகிவிடும்.